எட்டு வயதுப் பையனின் கோடரி

சிப்பியைப் பிளந்து, சதையை உறிஞ்சி, ஓட்டைத் திரும்பிப் பார்க்காமலே இடது தோளுக்கு மேலாக வீசுகிறார் தோர்கில். வேலிக்கு அந்தப் பக்கம் 'கிளிங்' என்று கேட்டால் சரி. 'பொத்' என்று கேட்டால் ஓடு ரோஜாப் புதரில் மாட்டிக்கொண்டது என்று பொருள். எழுந்து போவார், முள்ளில் கையைக் கீறிக்கொண்டு அதை எடுப்பார், திரும்பி வந்து அதே முக்காலியில் உட்கார்ந்து மறுபடி வீசுவார். அவ்வளவு தூரம் போனவர் ஓட்டை அங்கேயே மேட்டின் மேல் வைத்துவிட்டு வரலாமே என்று கேட்டவர்கள் உண்டு.

"வைக்கறதா? எவன்யா வச்சான்? ஏழாயிரம் வருஷத்துல ஒருத்தனாவது தின்ன ஓட்டை நடந்து போய் வச்சிருக்கானா? வீசுவான். வயிறு நிறைஞ்சவன் வீசத்தான் செய்வான்."

தோர்கிலுக்கு எழுபது தாண்டிவிட்டது. வேலையில் இருந்த காலம் முழுக்கக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். எங்கள் ஸ்கெல்விக்கில் ஸ்டியரிங் பிடிக்கிற முக்கால்வாசிப் பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்தவர்கள். பயிற்சிக் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா? ஓய்வு பெற்றபோது காரை விற்றார்; பிரேக்கை விற்கவில்லை. அது அவருடைய வலது காலிலேயே தங்கிவிட்டது. தேவாலயத்தில் பாதிரியார் பிரசங்கத்தை இழுத்தால் கால் தரையை அழுத்தும். மனைவி அஸ்டா கேக்கைப் பெரிய துண்டாக வெட்டினால் அழுத்தும். தொலைக்காட்சியில் அமைச்சர் புள்ளிவிவரம் சொல்ல ஆரம்பித்தால் தரைப் பலகை கிறீச்சிடும். இதுவரை எதுவும் நின்றதில்லை. ஆனாலும் அழுத்துவார்.

அவரிடம் கற்றவர்கள் எல்லோருக்கும் இரண்டு வாக்கியங்கள் மனப்பாடம். ஒன்று, "கண்ணாடி பாத்தியா?" கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்த பெண்ணிடமும் இதைத்தான் கேட்டார். இன்னொன்று, உரிமம் வாங்கும் பரீட்சைக்கு அனுப்பச் சொல்லிக் கெஞ்சுகிறவர்களுக்கு: "இன்னும் பக்குவம் வரலை."

அவர் பேச்சில் 'நாங்க' என்று வந்தால் டென்மார்க்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்கெல்விக்காரர்கள் என்றும் நினைக்கக் கூடாது. கலப்பையும் ஆடும் வருவதற்கு முன்னால் இந்த லிம்ஃபியோர்ட் கழிக்கரையில் சிப்பி தின்று, விலாங்கு குத்தி, கடல்நாய் அடித்து, பெரிய பெரிய சிப்பி மேடுகளை விட்டுவிட்டுப் போன இடைக்கற்கால மக்கள்தான் அந்த 'நாங்க'. "குளிர்காலம் வந்தா நாங்க அன்னம் அடிப்போம்," என்பார், போன வாரம் அடித்துத் தோலுரித்தவர் மாதிரி. நிஜத்தில் அன்னம் கரையேறினால் வீட்டுக்குள் போய்விடுவார். ஒருமுறை கொத்தியிருக்கிறது.

'அவங்க' என்றால் விவசாயிகள்.

"அவங்க வந்து ஆறாயிரம் வருஷம்தான் ஆகுது. வந்ததும் என்ன பண்ணாங்க? வேலி போட்டாங்க. வேலி போட்டா சண்டை. சண்டை வந்தா ராஜா. ராஜா வந்தா வரி. எல்லாம் ஒரு மூட்டை கோதுமையால வந்த வினை."

உலகத்தின் எந்தக் கேட்டையும் நாலு படியில் விவசாயிவரை கொண்டுபோய் நிறுத்திவிடுவார். பல் சொத்தையா, கஞ்சிதான் காரணம். மழை பெய்து கார் நின்றுவிட்டதா, காட்டை வெட்டியது யார்? பக்கத்து நிலத்தில் பன்றி வளர்க்கும் வில்லாஸ் இதையெல்லாம் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "நாங்க இங்க ஆறு தலைமுறை, தோர்கில்," என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தார். "அதான் சொல்றேன். புதுசா வந்தவங்க. இன்னும் பழகலை," என்றார் தோர்கில், மிகுந்த பெருந்தன்மையோடு.

கொள்கைப்படி அவர் ரொட்டி தின்பதில்லை. கறுப்பு ரொட்டி இல்லாமல் ஒருவேளைச் சாப்பாடும் இறங்காத ஊரில் இது சின்னத் தியாகம் அல்ல. ஆனால் காலையில் ரொட்டி டப்பா லேசாகியிருக்கும். "எலி," என்பார் தோர்கில். அஸ்டா டப்பாவைத் திருப்பிப் பார்ப்பார். "ஆமாமா. நம்ம வீட்டு எலி வெண்ணெய் தடவித்தான் தின்னுது. கத்தியையும் கழுவி வச்சிருது. நல்ல வளர்ப்பு."

அஸ்டா பல் மருத்துவரிடம் வரவேற்பு மேஜையில் இருந்தவர்; வாயைப் பிளந்துகொண்டு அலறுகிறவர்களை அமைதியாகப் பார்த்துப் பழகியவர். அந்தப் பழக்கம் குடும்பத்துக்கு மிகவும் உதவியிருக்கிறது. தோர்கில் கடல்நாய்க் கொழுப்பில் விளக்கேற்றியதில் கூடத்துத் திரைச்சீலைகள் போனபோதும் அவர் குரல் உயரவில்லை. தோர்கில் வனையும் பானைகளுக்கு அடி கூராக இருக்கும்; எங்கேயும் நிற்காது. "நிக்காத பானையை எங்க வைக்கறது?" என்று அஸ்டா கேட்டார். "நெருப்புக்குள்ள குத்தி வைக்கணும். மேஜையே அவங்க கண்டுபிடிச்சதுதானே!" அன்றைக்குக் காப்பியைக் கையில் பிடித்துக்கொண்டே குடி என்று சொல்லிவிட்டார் அஸ்டா. முந்தைய நாய் செத்தபோது 'எங்க வழக்கம்' என்று சொல்லி மேலெல்லாம் செங்காவிப் பொடி தூவி, பக்கத்தில் ஒரு மான் கொம்பு வைத்துப் புதைத்தார் தோர்கில். இப்போது இருக்கிற துலே என்ற நாய் அதைச் சன்னல் வழியாகப் பார்த்திருக்க வேண்டும். காவிப்பொடி டப்பாவைத் திறந்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.

ஆனால் அவருடைய உண்மையான கர்வம் கல் உடைப்பதில். சக்கிமுக்கிக் கல்லைத் தொடைமேல் வைத்து, மான் கொம்பால் தட்டித் தட்டிச் செதில் எடுத்துக் கோடரி செய்வார். விரல் முழுக்கப் பிளாஸ்திரி. கார் கொட்டகையில் கால் வைத்தால் நொறுங்கும். ஊரில் யார் வீட்டு விசேஷமானாலும் அவர் பரிசு கோடரிதான். வாங்கிக்கொண்டவர்கள் அதை வீணாக்கவில்லை. கழிக்காற்று அடிக்கும்போது எங்கள் ஊரில் பல கதவுகள் படபடக்காமல் நிற்பதற்கு அவைதான் காரணம்.

மீதிக் கல், உடைந்த கல், நடுவில் பிளந்துகொண்ட கோடரி எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடும், சிப்பி ஓட்டோடு. மீன் முள், அடுப்புச் சாம்பல், ஹேசல் கொட்டைத் தொப்பி, எல்லாம் அங்கேதான். இந்த வீட்டுக்குக் குடிவந்த வருடம் ஆரம்பித்தது. ஒரு மேடு எப்படி வளர்கிறது, எப்படி அமுங்குகிறது, நண்டும் நரியும் அதை என்ன செய்கின்றன என்று பார்க்கிற ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்பது அவர் வார்த்தை. குப்பை என்பது அஸ்டாவின் வார்த்தை. மேடு இன்று ஆள் இடுப்புயரம். முகட்டில் புல் முளைத்து, புதர் மூடி, யார் கண்ணிலும் படாமல் கழியைப் பார்த்துக் குந்தியிருக்கிறது.

வருங்காலத்தில் தோண்டுகிறவன் ஏமாந்துவிடக் கூடாது என்பதிலும் அவர் கண்ணாயிருந்தார். கோடை நடுவில் ஊரே கடற்கரையில் தீ வளர்த்துப் பாடிக்கொண்டிருக்கும் மாலையில், தோர்கில் மட்டும் தனியாக வந்து மேட்டில் ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கைப் புதைப்பார். வருடத்துக்கு ஒன்று. "பீங்கான். மக்காது. மரத்துக்கு வளையம் மாதிரி மேட்டுக்கு இது."

ஒரே ஒரு விஷயத்தைத்தான் அவர் கண்ணாடியில் பார்க்கத் தவறிவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் நகராட்சி நிலம்.

நகராட்சி கழியோரமாக ஒரு சைக்கிள் பாதை போடத் தீர்மானித்தது. வரைபடத்தில் சிவப்புக் கோடு நேராக வந்து மேட்டின் வயிற்றில் பாய்ந்து அந்தப் பக்கம் வெளியேறியது. பழங்காலத்துச் சுவடு ஏதாவது இருந்தால் பாதை வில்லாஸின் நிலத்துப் பக்கம் ஒதுங்கும். இல்லாவிட்டால் நேராகப் போகும். எங்கள் பக்கத்து வழக்கப்படி, மண்ணைத் தொடுவதற்கு முன்னால் அருங்காட்சியகத்து ஆள் வந்து கீறிப் பார்க்க வேண்டும்.

வந்தது டாக்னி.

டாக்னி இதே ஊர்ப் பெண். பதினெட்டு வயதில் தோர்கிலிடம் கார் கற்க வந்து, பாடத்துக்கு மேல் பாடமாக எடுத்து, வருடம் திரும்பியும் பரீட்சையைப் பார்க்காதவள். ஒவ்வொரு முறையும் "இன்னும் பக்குவம் வரலை." கடைசியில் கோபித்துக்கொண்டு பக்கத்து ஊர் மாஸ்டரிடம் போய், முதல் பரீட்சையிலேயே தேறிவிட்டாள். ஊர் சிரித்தது. அதற்குப் பிறகு இருவரும் ரொட்டிக் கடையில் பார்த்துக்கொண்டால் வானிலையைப் பற்றி மட்டும் பேசுவார்கள். இப்போது அவள் அருங்காட்சியக வேனைப் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியபோது அஸ்டாவின் பூப்பாத்தியில் பாதி உள்ளே போயிருந்தது. சன்னலுக்குப் பின்னால் தோர்கிலின் கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

பொக்லைனை ஓட்டியது வில்லாஸ். சொந்த இயந்திரம், அருங்காட்சியகத்துக்கு வாடகைக்கு. வாளி புல்லைச் சீவியதும் வெள்ளை வெளேரென்று சிப்பி தெரிந்தது. தோர்கில் மரக்கட்டைச் செருப்போடு தோட்டத்தைத் தாண்டி ஓடினார். "நிறுத்து! நிறுத்து! அது நான்…" என்று வாயைத் திறந்துவிட்டார்.

டாக்னி பள்ளத்தில் மண்டியிட்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "தோர்கில், கொஞ்சம் மெதுவா வாங்க. ஏழாயிரம் வருஷத்து மேல நடக்கறீங்க."

திறந்த வாய் அப்படியே நின்றது. ஒரு சிப்பிகூட மூடிக்கொள்ளாத அளவு மெதுவாக மூடியது.

அவருடைய நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவள், கையில் மண் சீவும் கரணையும் கண்ணில் பூதக்கண்ணாடியுமாக இருக்கிறவள், அவர் கையால் வீசின மேட்டைப் பார்த்து இடைக்கற்காலம் என்கிறாள். முக்காலியில் உட்கார்ந்து முதுகுக்குப் பின்னால் வீசின வீச்சுக்கு இதைவிடச் சான்றிதழ் என்ன வேண்டும்? மேடும் பிழைத்தது; பாதை வில்லாஸின் நிலத்துக்குப் போகிறது. அதுவும் ஒரு நீதிதான். தோர்கில் வீட்டுக்குப் போய், எங்கள் ஊரில் பிறந்தநாளுக்கு ஏற்றுவது போல, கம்பத்தில் கொடியேற்றினார்.

"யாருக்குப் பிறந்தநாள்?" என்று வேலிக்கு மேலாகக் கேட்டார் வில்லாஸ்.

"எங்களுக்கு."

அஸ்டா மட்டும் அன்று மாலை தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "சொல்லிட்டியா?"

"என்னத்தை?"

"அது உன் குப்பைன்னு."

"அவ கேக்கலையே. நான் ஒரு பொய்யும் சொல்லலை, அஸ்டா."

"சொல்லலை. கொடி ஏத்தியிருக்கே."

மறுநாளிலிருந்து தோர்கில் தினமும் காப்பி நேரத்துக்குப் பள்ளத்துக்குப் போனார், அஸ்டா சுட்ட, இலவங்கப்பட்டை போட்ட இனிப்புப் பட்டைச் சுருளை எடுத்துக்கொண்டு. போவதற்கு இரண்டு காரணங்கள். டாக்னி தன் மேட்டைப் புகழ்வதைக் கேட்பது முதல் காரணம். தோண்டும் இடம் ஸ்பார்க் பிளக்கை நெருங்குகிறதா என்று பார்ப்பது இரண்டாவது. வேனின் பின்கதவைத் திறந்து, விளிம்பில் உட்கார்ந்து, அவள் கண்டுபிடிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள்.

"இந்த எலும்பைப் பாருங்க. காட்டுப் பன்னி. ஆனா இவ்வளவு கொழுத்த காட்டுப் பன்னியை நான் பாத்ததே இல்லை."

வில்லாஸிடம் அஸ்டா வாங்கிய தொடைக்கறி. தோர்கில் காப்பியை மிகக் கவனமாக ஊதினார். "நல்ல காடு போல."

"இங்க ஒரு ஆள் உக்காந்து தின்னிருக்கான். ஒரே ஆள். எப்பவும் ஒரே இடம். ஓட்டைப் பின்னாடி வீசியிருக்கான், பாதி குறி தப்பியிருக்கு."

"காத்து அடிச்சிருக்கும்."

"அடிச்சிருக்கும். ஆனா இதுதான் எனக்குப் புரியலை." அவள் ஒரு கோடரியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். போன மாரிக்காலத்துக் கோடரி. அந்த மாரியில் பிளக்காமல் முழுசாக வந்ததில் இரண்டாவது. முதலாவதை அஸ்டாவின் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, இதைப் பிற்காலத்துக்கு என்று மேட்டில் வைத்திருந்தார். அந்த ஒன்றை மட்டும் வீசவில்லை. நடந்து போய் வைத்தார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டபோது அவர் குரல் கொஞ்சம் இளகியிருந்தது.

"பாவமா இருக்கு. ஒரு எட்டு வயசுப் பையன் செஞ்சிருக்கணும்."

"எட்டு?"

"ஏழுகூடச் சொல்லலாம். அடி விழுந்திருக்கிற கோணத்தைப் பாருங்க. கல்லு மேல ஏதோ கோபம் மாதிரி அடிச்சிருக்கான். அவங்கப்பா ரொம்பப் பொறுமைசாலி. தொலையுதுன்னு விட்டிருக்கார்."

"கல்லு மட்டமா இருந்திருக்கலாமே."

"முதல் தரமான கல்லு. அதான் வருத்தம்."

"குளிர்ல கை விறைச்சிருக்கும்."

"ஒரு வேளை குடிச்சிருப்பானோ?"

"எட்டு வயசுப் பையனா?" என்று வெடித்தார் தோர்கில். பிறகு பட்டைச் சுருளைக் கடித்துக்கொண்டார். அது கோதுமை. அந்த நேரத்தில் அவருக்கு அது தோன்றவில்லை.

வில்லாஸ் பொக்லைன் மேலிருந்து குனிந்து கோடரியைப் பார்த்தார். "எங்க வீட்டுக் கழிவறைக் கதவுக்கு இதே மாதிரி ஒண்ணு வச்சிருக்கேனே," என்றார். டாக்னி இருமினாள்.

அன்று தோர்கில் சிப்பி தின்னவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, ஒரு சக்கிமுக்கிக் கல்லைத் தொடைமேல் வைத்து அடிக்கிற பாவனையில் காற்றில் கையை வீசிப் பார்த்தார். கோணம் சரியாகத்தான் இருக்கிறது. சொன்னால் மேடு போகும், பொக்லைன் வரும், அதன் மேல் தார் வரும், அதன் மேல் ஹெல்மெட் போட்டவர்கள் மணியடித்துக்கொண்டு போவார்கள். சொல்லாவிட்டால் அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய கோடரி இருக்கும், கீழே ஒரு அட்டையில்: 'சிறுவனின் கைவேலை.' பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்ப்பார்கள். எட்டு வயதுப் பிள்ளைகள். "நான் இதைவிட நல்லா செய்வேன்" என்பார்கள்.

"சொல்லிடு," என்றார் அஸ்டா.

"மேடு போயிரும்."

"சொல்லாதே அப்ப."

"எட்டு வயசுங்கறா, அஸ்டா!"

அஸ்டா திரும்பிப் பார்த்தார். பல் மருத்துவரின் மேஜையில் இருந்த காலத்து முகம். "ஒன்பதுன்னா ஒத்துக்குவியா?"

மறுநாள் காப்பி நேரத்தில் வில்லாஸ் இல்லை. பன்றி குட்டி போடுகிறது என்று போய்விட்டார். டாக்னி ஒரு கை நிறையச் செதில்களை வேன் விளிம்பில் பரப்பி, விரலால் தள்ளிக்கொண்டே சொன்னாள்: "நேத்து சொன்னதை மாத்திக்கறேன், தோர்கில்."

அவர் முகம் மலர்ந்தது.

"ஒரே நாள் வேலை இல்லை. மேல இருந்து கீழ வரைக்கும் இதே அடி, இதே தப்பு. முப்பது முப்பத்தஞ்சு வருஷம் அடிச்சிருக்கான். ஒரு துளி முன்னேறலை."

காப்பி சிந்தியது. "அது பையன் இல்லை!" என்று எழுந்தார் தோர்கில். "அவங்கப்பா பொறுமைசாலியும் இல்லை! அவங்கப்பா தபால்காரர்! அது நான்! அந்தக் கோடரி நான் செஞ்சது, அந்த மேடு நான் தின்னது, அந்தப் பன்னி வில்லாஸோடது! போதுமா? பாதையைப் போடுங்க, தாரை ஊத்துங்க, ஆனா எட்டு வயசுன்னு மட்டும் எழுதாதே!"

டாக்னி தன் மழைச்சட்டைப் பையில் கைவிட்டாள். ஒரு ஸ்பார்க் பிளக்கை எடுத்து வேன் விளிம்பில் வைத்தாள். அடுத்து இன்னொன்று. பிறகு இன்னொரு பையில் கைவிட்டாள். வெள்ளைப் பீங்கான் கழுத்துகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன.

"முதல் வாளியிலேயே ஒண்ணு வந்துச்சு," என்றாள். "வாயைத் திறப்பீங்கன்னு பாத்தேன். நீங்க கொடி ஏத்துனீங்க. ஆபீசுக்கு நான் ஒரு வரி எழுதலை. ஏழாயிரமும் இல்லை, எட்டு வயசும் இல்லை."

தோர்கில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. மீதிக் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப கோடரி? நிஜமா எப்படி இருக்கு?"

டாக்னி கோடரியைக் கையில் எடுத்தாள். விளிம்பை வெளிச்சத்தில் பார்த்தாள். பாவம், அவள் நிஜமாகவே யோசித்தாள்.

"இன்னும் பக்குவம் வரலை," என்றாள்.

அந்த வாக்கியத்துக்காக எத்தனை வருடம் காத்திருந்தாளோ! ஆனால் சொல்லி முடித்ததும் அவள் சிரிக்கவில்லை. சிரிப்பார் என்று எதிர்பார்க்க முடியாத தோர்கில்தான் முதலில் சிரித்தார், மூக்கு வழியாக, காப்பி ஏறிக்கொள்ள.

"சரி, எழுந்து வாங்க," என்றாள் டாக்னி. "இதைக் காட்டத்தான் காலையிலிருந்து காத்துக்கிட்டிருக்கேன். உங்க குப்பை எதுவரைக்கும் போகுதுன்னு அடி வரைக்கும் இறங்கிப் பாத்தேன்."

பள்ளத்தின் கழிப்பக்க ஓரத்தில் அவள் சுவரை நேராகச் சீவி வைத்திருந்தாள். மேலே இடுப்பளவுக்குத் தோர்கிலின் வருடங்கள், வெள்ளையாக, பொலபொலவென்று. அதற்குக் கீழே ஒரு சாண் மணல். மணலுக்குக் கீழே இன்னொரு அடுக்கு: சாம்பல் நிறம், இறுகிப் போனது, ஒவ்வொரு ஓடும் தோர்கிலின் உள்ளங்கையைவிடப் பெரிது. நடுவில் கருகிய அடுப்புக் கற்கள். மீன் முள் மெல்லிய கோடாக ஓடியது. ஓர் அன்னத்தின் கால் எலும்பு.

தோர்கில் வயிற்றின்மேல் படுத்துவிட்டார், தலை பள்ளத்துக்குள் தொங்க.

"இங்கேயேவா?" என்றது அவர் குரல் உள்ளேயிருந்து.

"இங்கேயேதான். காத்து முதுகுல அடிக்காத இடம், கழி முழுக்கக் கண்ணுல படற இடம். நீங்க ஏன் இங்க முக்காலி போட்டீங்க?"

"உக்காந்து பாத்தேன். நல்லா இருந்துச்சு."

"ஏழாயிரம் வருஷத்துக்கு முன்னாடி அவங்களும் உக்காந்து பாத்திருப்பாங்க."

அவள் துணியில் சுற்றிய ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். கோடரி. அவ்வளவு சின்னது. ஒரு பக்கம் மூன்றே அடி, மறுபக்கம் இரண்டு. கல் அந்த வடிவத்தில்தான் இருந்தேன் என்று ஒத்துக்கொண்டுவிட்ட மாதிரி இருந்தது. தோர்கில் விளிம்பில் கட்டைவிரலை வைத்தார். பிளாஸ்திரிக்கு மேலாகக் கீறிக்கொண்டது. கோடரியைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

"பாதை ஒதுங்கிடும்," என்றாள் டாக்னி. "அது நிச்சயம். ஆனா கழி இதை அடியில தின்னுக்கிட்டிருக்கு. பாருங்க, பாதிக்கு மேல போயாச்சு. வர்ற குளிர்காலத்துப் புயலுக்கு மீதியும் போயிரும். இப்பத் தோண்டினாத்தான். தோண்டணும்னா…"

"மேல இருக்கிறதை எடுக்கணும்."

"ஆமா. நிலம் நகராட்சியோடது, உங்களைக் கேக்கணும்னு சட்டம் இல்லை. நீங்க வேண்டாம்னா ஆபீஸ் மூலமாப் போய் வசந்தத்துல வர்றேன். உங்க மேடு இருக்கும் அதுவரைக்கும்."

"அவங்களோடது இருக்காது."

"இருக்காது."

தோர்கில் எழுந்தார். முழங்காலில் ஒட்டிய ஓட்டுத் துகள்களைத் தட்டினார். மேட்டின் முகட்டைப் பார்த்தார்; முந்தாநாள் வீசிய ஓடு ஒன்று புல்லின் மேல் பனி ஈரத்தில் பளபளத்தது. சமையலறைச் சன்னலில் அஸ்டா நின்றிருந்தார், கையில் துடைக்கும் துணியோடு, துடைக்காமல். துலே மேட்டைச் சுற்றி ஒருமுறை வந்து, முகர்ந்து, தும்மிவிட்டு உட்கார்ந்தது.

"யார் ஓட்டுவா?" என்று கேட்டார் தோர்கில். "வில்லாஸ் பன்னிக்கிட்ட இருக்கான்."

டாக்னி பொக்லைனைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "என்கிட்ட அதுக்கும் உரிமம் இருக்கு. முதல் பரீட்சையிலேயே."

அவள் ஏறி உட்கார்ந்தாள். தோர்கில் கிட்டத்தில் போய் நின்றார், கதவுப் பக்கமாக, அந்தக் காலத்தில் மாணவர்கள் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது மழையில் குடையோடு நிற்பாரே, அது மாதிரி.

"கண்ணாடி பாத்தியா?"

"பாத்தேன்."

"பின்னாடி?"

"பின்னாடி எதுவும் இல்லை. முன்னாடிதான் நீங்க நிக்கறீங்க. தள்ளிக்குங்க, தோர்கில்."

தள்ளி நின்றார். இயந்திரம் உறுமியது. வாளி உயர்ந்து, கொஞ்சம் ஆடி, மேட்டின் முகட்டுக்கு நேராக வந்தது. தோர்கிலின் வலது கால் புல்லை அழுத்தியது. மரக்கட்டைச் செருப்பின் மூக்கு மண்ணுக்குள் போகும் அளவுக்கு அழுத்தியது.

வாளி அந்தரத்தில் நின்றுவிட்டது.

தோர்கில் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டாக்னி நெம்புகோலில் கையை வைத்தபடி அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரம் எதுவும் தெரியவில்லை. அவரும் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு, குதிகாலை ஊன்றியபடியே, முன்பாதத்தை மெல்ல, மிக மெல்ல, மேலே எடுத்தார்.